மலிவு விலை டை கிரைண்டரை மில்லிங் மெஷினில் ஸ்பிண்டிலாகப் பூட்டலாமா?

கேள்வி இதுதான். வீட்டில் ஒரு சின்ன மேஜை மில்லிங் மெஷின் இருக்கிறது. அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்று. மூன்று அச்சிலும் ஸ்டெப்பர் மோட்டார் போட்டு சிஎன்சி (கணினி சொல்படி ஓடுவது) ஆக்கியாகிவிட்டது. பித்தளைத் தகட்டில் தமிழில் பெயர்ப் பலகை செதுக்க வேண்டும், கொஞ்சம் அலுமினிய வேலையும் உண்டு. ஆன்லைனில் சுமார் 2,000 ரூபாய்க்கு 25,000 சுற்று டை கிரைண்டர் (கையில் பிடித்து உலோகத்தைத் தேய்க்கும் மோட்டார் கருவி) கிடைக்கிறது. அதை மெஷினின் தலையில் பக்கவாட்டில் பூட்டி ஸ்பிண்டிலாக, அதாவது கட்டரைச் சுற்றும் தண்டாக, ஓட்டலாமா, இல்லை காசு வீணா?

ஓட்டலாம். நான் கோயமுத்தூரில் என் வீட்டு மெஷினில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே பூட்டி ஓட்டினால் முதல் நாளே நாலைந்து கட்டர் உடையும், "இது லாயக்கில்லை" என்று மூலையில் போட்டுவிடுவீர்கள். எனக்கும் முதல் நாள் அதுதான் நடந்தது. குறை மோட்டாரில் இல்லை, கட்டர் மாட்டும் முன்பகுதியான மூக்கில் இருக்கிறது. முன் பேரிங், கட்டரின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட், மூக்கைப் பிடிக்கும் கிளாம்ப் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் அந்த மலிவு கிரைண்டர் நீங்கள் சொல்லும் வேலையை நன்றாகவே செய்யும்.

முதலில், இவ்வளவு வேகம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். 12 மிமீ உயரத்தில் ஒரு 'ண' போட்டுப் பாருங்கள். அதன் சுழிகளுக்குள்ளே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து என்றால் 2 மிமீ கட்டரிலேயே சமாளித்துவிடலாம். தமிழ் எழுத்துக்கு 1 மிமீ, சில எழுத்துருக்களுக்கு 0.8 மிமீ கட்டர் வேண்டும். இவ்வளவு சின்ன இரண்டு பல் கட்டர் ஒரு பல்லுக்கு 0.008 மிமீ அளவுக்குத்தான் உலோகத்தைக் கடிக்க முடியும். அதற்கு மேல் போனால் உடைந்துவிடும். 2,500 சுற்றில் அந்தக் கட்டருக்கு ஃபீடு, அதாவது கட்டர் நகரும் வேகம், எவ்வளவு வரும்? 0.008 × 2 × 2,500 = நிமிடத்துக்கு 40 மிமீ. அதே கட்டர் 25,000 சுற்றில் 400 மிமீ போகும்.

ஒரு எழுத்தின் கோட்டு நீளம் 90 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு தடவைக்கு 0.1 மிமீ வீதம் ஐந்து முறை போக வேண்டும். மொத்தம் 450 மிமீ. பழைய வேகத்தில் எழுத்துக்குப் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஆகும், பதினைந்து எழுத்துக்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம். கிரைண்டரில் மொத்தமே 17 நிமிடம். வேகம் கேட்பதற்கு இதுதான் காரணம். பளபளப்பும் கூடும், ஆனால் அது இரண்டாம் பட்சம்.

அடுத்து வாட். விளம்பரத்தில் 400 வாட், 600 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து யோசிக்கவே வேண்டாம். மேலே சொன்ன வெட்டில் நிமிடத்துக்கு 40 கன மிமீ பித்தளைதான் வெளியே வருகிறது. பித்தளையில் ஒரு கன மில்லிமீட்டரை வெட்ட ஏறத்தாழ 2 ஜூல் ஆகும். அப்படியானால் கட்டர் முனையில் ஒன்றேகால், ஒன்றரை வாட் போதும். சின்னச் சீவலுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும் என்று ஐந்து மடங்கு வைத்தாலும் பத்து வாட்டைத் தொடாது. 3 மிமீ கட்டரில் அலுமினியத்தை அரை மில்லிமீட்டர் ஆழத்தில், 600 மிமீ ஃபீடில் எடுத்தாலும் சுமார் 15 வாட்தான். கிரைண்டர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தன் விசிறியைச் சுற்றுவதற்கும் பேரிங், கார்பன் பிரஷ் உராய்வுக்குமே போகிறது. அதனால் 300 வாட் சிறிய கிரைண்டரே போதும். எடை குறைவு என்பதால் மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கும் நல்லது.

டை கிரைண்டர் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும். எங்கள் ஊர் ஃபவுண்டரிகளில் பம்பு பாடி வார்த்து எடுத்ததும் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்க, டை செய்யும் இடத்தில் மூலைகளைத் தேய்க்க, கையில் பிடித்து கார்பைடு பர் (அரம் போன்ற சுழலும் முனை) போட்டு ஓட்டும் கருவி அது. கையில் பிடித்துத் தேய்க்கும்போது முனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் தெரியாது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குகிற மாதிரி முன் பேரிங்கைக் கொஞ்சம் பெரியதாகத்தான் வைத்திருப்பார்கள், அது நமக்கு நல்லது. ஆனால் மேலும் கீழுமான ஆட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நமக்கு அந்தக் கவலை உண்டு.

வாங்கி வந்ததும் மின்சாரத்தில் சொருகாமல் முதலில் அளந்து பாருங்கள். 6 மிமீ கோலெட்டில் ஒரு 6 மிமீ டவல் பின்னையோ (துல்லியமாகத் தேய்த்த எஃகு உருளை), பழைய கார்பைடு எண்டு மில்லின் வழவழப்பான தண்டையோ மாட்டுங்கள். டிரில் பிட் வேண்டாம், அதன் தண்டு அவ்வளவு நேராக இருக்காது. கிரைண்டரை வைஸில் மெதுவாகப் பிடித்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் லீவர் டயலை கோலெட் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு முறை, 25 மிமீ தள்ளி ஒரு முறை வைத்து, கையால் சுற்றுங்கள். பட்டறையில் "அவுட் அடிக்குது" என்கிறோமே, அந்த ரன்அவுட்தான், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஆடும் அளவுதான், நாம் பார்ப்பது. என்னுடையது புதிதாக வந்தபோது நட்டுக்குப் பக்கத்தில் 0.05, முனையில் 0.09 மிமீ அடித்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு அவுட் என்றால் கோலெட் உட்காரும் டேப்பர் (கூம்பு வடிவ) துளையே மையத்தில் இல்லை, அதைச் சரிசெய்வது கஷ்டம். முனையில் கூடிக்கொண்டே போனால் கோலெட் சாய்ந்து உட்காருகிறது, அதைச் சரிசெய்துவிடலாம். பின்னைக் கையால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளும்போதே டயல் முள் 0.03 நகர்ந்து திரும்பி வந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. அப்புறம் டயலைப் பின்னின் முனைக்கு நேராக வைத்து, தண்டை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். என்னுடையதில் 0.15 மிமீ ஆடியது. 0.1 மிமீ ஆழத்தில் எழுத்து செதுக்கப்போகிறவருக்கு 0.15 மிமீ ஆட்டம் என்றால் வேலையே நடக்காது.

சரி, திறந்து பாருங்கள். நீளமான நாலு ஸ்குரூ இருக்கும். கார்பன் பிரஷ்களை முதலில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதியை) இழுக்கும்போது அவை உடையும். குட்டை மூக்கு கிரைண்டர்களில் ஆர்மேச்சரின் தண்டேதான் ஸ்பிண்டில். நீள மூக்கு வகைகளில் பெரும்பாலும் தனித் தண்டு, மூக்குக்குள் அதற்கென்று இரண்டு பேரிங் என்று இருக்கும். விலை அதிகம் என்றாலும் நமக்கு நீள மூக்கு நல்லது, பிடிக்கவும் இடம் கிடைக்கும். என்னுடையது குட்டை மூக்கு. முன்னால் 6001, பின்னால் 608 பேரிங். இரண்டிலும் கம்பெனிப் பெயர் கிடையாது. முன் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினால் மணலை அரைக்கிற மாதிரி இருந்தது. உள்ளே பார்த்தால் கிரீஸ் ஒரு பக்கம் மட்டும் திட்டாக ஒட்டியிருந்தது.

பேரிங் கடையில் நல்ல கம்பெனி பேரிங் இரண்டும் சேர்த்து சில நூறு ரூபாய்தான். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். தூசி போகக்கூடாது என்று ரப்பர் சீல் வைத்த 2 ஆர்எஸ் வகையை வாங்கிப் போட்டேன். பத்து நிமிடத்தில் மூக்கைத் தொட முடியவில்லை. அரை மணி நேரத்தில் உருகின கிரீஸ் கோலெட் நட்டு வழியாக வெளியே தெறித்து, தகட்டில் வட்டமாகப் புள்ளி வைத்திருந்தது. அப்புறம்தான் கேட்டலாக்கை எடுத்துப் பார்த்தேன். எஸ்கேஎஃப் பேரிங் கம்பெனியின் பட்டியலில் ரப்பர் சீல் உரசும் 6001-க்கு வேக வரம்பு 17,000. அதே பேரிங் உலோக மூடியோடு வந்தால் 32,000. 608-லும் இதே கதைதான்: சீலோடு 22,000, உலோக மூடியோடு 38,000. ஆகவே கடையில் "இசட் இசட்" என்று கேட்டு, உலோக மூடி வைத்ததையே வாங்குங்கள். தூசிக்கு, மூக்கின் முன்பக்கம் ஒரு மெல்லிய ஃபெல்ட் வாஷர் வெட்டி, ஒரு சொட்டு எண்ணெய் நனைத்து வையுங்கள். தண்டை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

பேரிங்கை ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும். வெளி வளையத்தில் தட்டினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போடும், புது பேரிங்கும் முதல் நாளே இரையும். சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை வைத்து, வைஸிலேயே மெதுவாக அழுத்தி ஏற்றினேன்.

மேலும் கீழுமான ஆட்டத்துக்கு மருந்து, பின் பேரிங்கின் வெளி வளையத்துக்குப் பின்னால் ஒரு அலை வாஷர். அலை அலையாக வளைந்திருக்கும் ஸ்பிரிங் வாஷர் அது, சாதாரண ஸ்பிரிங் வாஷரைப் போடாதீர்கள். அது பின் பேரிங்கை முன்னுக்குத் தள்ளும், பேரிங் ஆர்மேச்சரைத் தள்ளும், ஆர்மேச்சர் முன் பேரிங்கை மூக்கின் தோள் மீது அழுத்தி வைக்கும். சுழல் கட்டர் உலோகத்தைக் கடிக்கும்போது தண்டைக் கீழே இழுக்கப் பார்க்கும். தண்டு ஏற்கெனவே கீழே அழுந்தி நிற்பதால் இழுக்க இடமே இருக்காது. இந்த வாஷர் வேலை செய்ய, பின் பேரிங் தன் இருக்கையில் விரலால் தள்ளினால் நகர வேண்டும். பல கிரைண்டர்களில் அது ஒரு ரப்பர் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், அப்படியே இருக்கட்டும். பேரிங்கும் வாஷரும் போட்ட பிறகு என்னுடைய 0.15 ஆட்டம் டயலில் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. கையால் ஓங்கித் தள்ளினால் ஸ்பிரிங் அமுங்கும்தான், ஆனால் 1 மிமீ கட்டர் அவ்வளவு தள்ளாது.

இனி கோலெட். கிரைண்டரோடு வருகிற கோலெட்டில் இரண்டு அல்லது நாலு வெட்டு இருக்கும், உள்ளே பிசிறு நிற்கும். முதலில் மண்ணெண்ணெயில் கழுவி, பற்களுக்கு நடுவே துணி ஓட்டி, டேப்பர் துளையையும் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழுவியதிலேயே பாதி அவுட் போனதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கோலெட்டைத் தண்டுக்குள் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நாலு நிலையிலும் அளந்து, குறைந்த அவுட் உள்ள நிலையில் இரண்டிலும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். எப்போது மாட்டினாலும் கோட்டுக்குக் கோடு. நட்டின் முகம் சாய்வாக இருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். எல்லாம் முடிந்து என்னுடையது நட்டுக்குப் பக்கத்தில் 0.02, முனையில் 0.03 என்று நின்றது.

சின்ன கட்டர்கள் பெரும்பாலும் 3.175 மிமீ தண்டில் வருகின்றன. 6 மிமீ கோலெட்டுக்குள் ஒரு ஸ்லீவ் போட்டு அதை மாட்டினால் ஸ்லீவின் பிழையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் கிரைண்டருக்கு 3.175 கோலெட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். கிடைக்காவிட்டால் 6 மிமீ தண்டில் 1 மிமீ முனை உள்ள கட்டர் வாங்குவதுதான் நல்லது, விலை சற்றுக் கூடுதல். ஆன்லைனில் ஈஆர்11 (ஒரு கோலெட் வகை) நீட்டிப்புத் தண்டு என்று ஒன்று விற்கிறார்கள். மோட்டார் தண்டில் சொருகி, பக்கவாட்டில் தலையில்லாத கிரப் ஸ்குரூவால் முடுக்குவது. 25,000 சுற்றுக்கு அது ஆகவே ஆகாது. ஸ்குரூவே அதை மையத்திலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளும், அதிரும், கழன்றால் உயிருக்கே ஆபத்து.

0.02 அவுட் என்பது நல்ல எண்தானே என்று தோன்றும். ஒரு பல் 0.008 மிமீ கடிக்கும் இடத்தில் 0.02 அவுட் இருந்தால், இரண்டு பல் கட்டரில் ஒரு பல் மட்டுமே எல்லா வேலையும் செய்கிறது, இன்னொரு பல் உலோகத்தைத் தொடக்கூட இல்லை. ஒரு பல்லுக்கு இரண்டு மடங்கு சுமை. 1 மிமீ கட்டர் உடைவதற்கு வேறு காரணமே வேண்டாம். இதற்கு வழி ஒற்றை ஃப்ளூட் கட்டர். பல் ஒன்றுதான் என்பதால் அவுட் இருந்தாலும் சுமை மாறாது. வெட்டும் பள்ளம் 1 மிமீக்குப் பதில் 1.02 வரும், அதை ப்ரோகிராமில் கழித்துக்கொள்ளலாம். சீவல் வெளியேறவும் இடம் அதிகம், அதனால் அந்த ஒரு பல்லின் கடியை 0.008-ஐவிடச் சற்றுக் கூட்டவும் முடிகிறது. தண்டைப் பாதியாக அறுத்த மாதிரி இருக்கும் வி வடிவ எழுத்துச் செதுக்கும் கட்டருக்கும் வெட்டு முனை ஒன்றுதான். மலிவு கிரைண்டரில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒற்றை ஃப்ளூட்டுக்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு மாற்றத்திலேயே என் கட்டர் செலவு பெருமளவு குறைந்தது.

மூக்கைப் பிடிப்பதற்கு வருவோம். ஐரோப்பிய கிரைண்டர்கள், ட்ரில்கள் பலவற்றின் மூக்கு சரியாக 43 மிமீ வட்டமாக இருக்கும். ஜெர்மனியின் கிரெஸ் மோட்டார்கள் ஹாபி சிஎன்சிக்காரர்களிடம் பெயர் வாங்கியதற்கு அந்த 43 மிமீ கழுத்தும் ஒரு காரணம். 25 மிமீ அலுமினிய பிளேட்டில் 43 துளை போரிங் செய்து, ஒரு பக்கம் அறுத்து, எம்6 போல்ட்டால் முடுக்கினால் வேலை முடிந்தது. உங்கள் கிரைண்டருக்கு அப்படி உலோகக் கழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். முடுக்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். முன் பேரிங் அந்தக் கழுத்துக்குள்ளேதான் இருக்கிறது. ஓங்கி முடுக்கினால் வார்ப்பு நசுங்கி, பேரிங்கின் வெளி வளையமும் சேர்ந்து கோணும். முடுக்குவதற்கு முன்னும் பின்னும் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றுவதில் வித்தியாசம் தெரிந்தால் அவ்வளவு முடுக்கக் கூடாது.

என் கிரைண்டரின் மூக்கு, வார்ப்பு அச்சிலிருந்து கழலுவதற்காகச் சரிவாக வார்த்தது. 20 மிமீ நீளத்தில் 0.4 மிமீ குறைகிறது. அதை நேர் துளைக்குள் எப்படிப் பிடித்தாலும் ஒரு ஓரத்தில்தான் பிடிக்கும். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பிளேட்டின் துளையை மூக்கைவிட 2 மிமீ பெரிதாகப் போரிங் செய்து வாங்கினேன். மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு எம்4 ஸ்குரூ பக்கவாட்டில் வைத்தேன். பிளேட்டை மெஷினின் தலையில் பூட்டி, கிரைண்டரை ஆறு ஸ்குரூவின் நடுவில் நிறுத்தி, கோலெட்டில் 6 மிமீ தடிமனில் நீளமான டவல் பின்னைப் பிடித்து, இசட் அச்சை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே டயலைப் பார்த்து ஒவ்வொரு ஸ்குரூவாகத் திருகினேன். அந்த டவல் பின்னும் கொஞ்சம் அவுட் அடிக்கும் அல்லவா, அதனால் அரைச் சுற்று திருப்பி இன்னொரு முறை பார்த்து இரண்டுக்கும் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பின்னாக ஒரு தடவை, இடவலமாக ஒரு தடவை. நேராக நின்ற பிறகு இடைவெளியில் அலுமினியத் தூள் கலந்த அரால்டைட்டை ஊற்றி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். மூக்கில் முன்கூட்டியே மெழுகு பாலிஷ் இரண்டு கோட் தடவியிருந்ததால் மறுநாள் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் கழன்று வந்தது. இப்போது அந்த மூக்கின் அச்சு அப்படியே பிளேட்டுக்குள் இருக்கிறது. கழற்றி மாட்டினால் பழைய இடத்திலேயே உட்காருகிறது, ஸ்குரூக்களை லேசாகத் தொடும்படி வைத்தால் போதும்.

சாய்வைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். 100 மிமீக்கு 0.1 மிமீ சாய்ந்திருந்தாலும் 3 மிமீ கட்டர் தகட்டில் விட்டுப்போகும் மேடுபள்ளம் 0.003 மிமீதான், கண்ணுக்குத் தெரியாது. அவுட்டுக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும். பின்பக்கம் கிரைண்டரின் பிளாஸ்டிக் உடலை ஒரு ரப்பர் பட்டையால் தாங்கலாக மட்டும் பிடியுங்கள். அங்கேயும் இறுக்கினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு மூக்கு கோணும். பிளேட்டை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மெஷினின் சொந்த ஸ்பிண்டிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் பூட்டுகிறீர்களோ, மேஜையில் அவ்வளவு பயண தூரம் உங்களுக்குக் குறையும்.

காற்று, தூசி. கிரைண்டர் பின்னால் காற்றை இழுத்து முன்னால் ஊதும். அந்தக் காற்று சீவலை வெட்டிலிருந்து தள்ளிவிடுவதால் கட்டருக்கு நன்மைதான். ஆனால் பித்தளைச் சீவல் ஊசி ஊசியாக வருவது, அது அறை முழுக்கப் பறக்கும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். மெஷினைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு வையுங்கள், சத்தமும் கொஞ்சம் அடங்கும். பறக்கும் அலுமினியத் தூள் திரும்பப் பின்பக்கம் வழியாக உள்ளே போய் ஆர்மேச்சரில் படிந்தால் ஷார்ட் ஆகும். பின்னால் காற்று இழுக்கும் துளைகளின் மேல் மெல்லிய நைலான் துணி கட்டி, வாரம் ஒருமுறை தட்டிவிடுவது என் பழக்கம். துணி அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடாகும், அதனால் கெட்டித் துணி கூடாது.

வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் இந்த மோட்டாரின் கரண்டைத் தாங்குவதற்குச் செய்தது இல்லை. தாங்கினாலும், வேகம் குறையும்போது இழுவையும் குறையும், கட்டர் கடித்ததும் சுற்று இன்னும் விழும். குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, பாதி வேகத்தில் ஓடினால் காற்று போதாமல் சுருள் கருகும். வேகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சுமை வந்தாலும் வேகத்தைப் பிடித்து நிற்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளேயே வைத்த கருவியை வாங்குங்கள்.

மின்சாரத் தொல்லை ஒன்று வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி ரேடியோ இரைச்சலாகப் பரவும். திடீரென்று லிமிட் ஸ்விட்ச் தட்டாமலேயே தட்டியதாக ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் கண்ட்ரோலர் மென்பொருள்) அலாரம் கொடுக்கும், இல்லாவிட்டால் யுஎஸ்பி இணைப்பு அறுந்து வேலை பாதியில் நிற்கும். ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறியதா, ப்ரோகிராம் தப்பா என்று நாள் கணக்கில் தேடுவீர்கள். கிரைண்டரையும் கண்ட்ரோலரையும் வேறு வேறு பிளக்கில் சொருகுங்கள். கிரைண்டர் வயரை சிக்னல் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். லிமிட் ஸ்விட்ச் வயருக்கு ஷீல்டு வயர் போட்டு, போர்டின் உள்ளீட்டில் ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வையுங்கள். யுஎஸ்பி கேபிள் குட்டையாக, ஃபெரைட் மணியோடு இருக்கட்டும். என் மெஷினில் இவ்வளவு செய்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. இன்னொன்று, கிரைண்டர் சொருகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம். தண்ணீர் கலந்த கூலன்ட் ஓட்டவே கூடாது, உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். இங்கே அதைத் தெளிக்காதீர்கள், ஸ்பிரிட்டும் வேண்டாம். பிரஷ்ஷில் எப்போதும் பொறி பறக்கிறது, காற்றும் சுழல்கிறது, ஆவி சேர்ந்தால் தீ பிடிக்கும். சாதாரண கட்டிங் ஆயிலைச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டு, வெட்டு ஆரம்பிக்கும் முன் தகட்டில் ஒரு பூச்சு பூசினால் போதும். பித்தளைக்கு எதுவுமே வேண்டாம்.

ஓட்டும் அளவுகள், என் மெஷினில் ஒத்துவந்தவை: பித்தளையில் 1 மிமீ ஒற்றை ஃப்ளூட், ஆழம் 0.1, ஃபீடு 300 முதல் 375. அலுமினியத்தில் 3 மிமீ ஒற்றை ஃப்ளூட், ஆழம் 0.3, ஃபீடு 600. ஃபீடைப் பயந்து குறைக்காதீர்கள். 25,000 சுற்றில் மெதுவாகப் போனால் கட்டர் வெட்டாது, தேய்க்கும். அலுமினியம் சூடாகி ஃப்ளூட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த நொடி கட்டர் போய்விடும். நேராகக் குத்தி இறங்குவதைவிட, சரிவாக இறங்கும்படி ப்ரோகிராம் எழுதுங்கள்.

எஃகு இந்தக் கிரைண்டருக்கு ஆகாது. 6 மிமீ கட்டரின் ஓரம் 25,000 சுற்றில் நிமிடத்துக்கு 470 மீட்டர் ஓடுகிறது. ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டர் எஃகில் தாங்குவது 25, 30 மீட்டர். ஒரே நொடியில் நீலமாகிவிடும். சாதாரண 3 மிமீ டிரில் பிட்டுக்கும் இதே கதிதான், துளைகளை மெஷினின் சொந்த ஸ்பிண்டிலில் போடுங்கள். ஃப்ளை கட்டர், ஸ்லிட்டிங் சா, மர வேலைக்கான 20 மிமீ ரவுட்டர் பிட், நீளமாக வெளியே நீட்டிய பர் இவற்றை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். கட்டரின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் அது உடைந்து பறக்கும், சின்ன அக்ரிலிக் தடுப்பு அதைத் தடுக்காது.

இன்னும் வாங்கவில்லை என்றால், மரவேலைக்கு விற்கும் சின்ன டிரிம்மரையும் ஒரு பார்வை பாருங்கள். அதுவும் 6 மிமீ கோலெட், 30,000 சுற்று. மகிட்டாவின் ஆர்டி0700 போன்றவற்றில் வேகத்தை 10,000 முதல் 30,000 வரை மாற்றலாம், உடலும் 65 மிமீ உருளையாக இருப்பதால் பிடிக்கச் சுலபம். விலை மலிவு கிரைண்டரைப் போலப் பல மடங்கு. தண்ணீர் குளிர்விக்கும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் நல்ல சாமான்தான், ஆங்குலர் காண்டாக்ட் பேரிங், சத்தமே இருக்காது. ஆனால் 80 மிமீ குறுக்களவும் அந்த எடையும் உங்கள் மேஜை மெஷினுக்குப் பாரம், தனியாக விஎஃப்டியும் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வேண்டும். காற்றில் ஓடும் பென்சில் கிரைண்டர் எடையே இல்லாமல் அழகாக இருக்கும். வீட்டுக் கம்ப்ரஸரால் அதற்குத் தொடர்ந்து காற்று கொடுக்க முடியாது.

ஓட்டத் தொடங்கும் நாளில் இன்னும் ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். குளிர்ந்த கிரைண்டரில் இசட் பூஜ்யம் வைத்து வேலையை ஆரம்பித்தால், முதல் எழுத்து மெல்லியதாகவும் கடைசி எழுத்து ஆழமாகவும் வரும். பேரிங் சூடாகித் தண்டு நீள்வதுதான் காரணம். என்னுடையதில் முதல் பத்து நிமிடத்தில் முனை 0.04 மிமீ கீழே இறங்குகிறது, அதற்குப் பிறகு நகர்வதில்லை. ஆகவே பத்து நிமிடம் சும்மா ஓட விட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம் பூஜ்யம் வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையை மூக்கில் வைத்து, பிடியைக் காது எலும்பில் வைத்துக் கேளுங்கள். சீரான ஒரே ரீங்காரம் என்றால் நல்லது. நடுநடுவே கரகரப்பு கேட்க ஆரம்பித்தால், அடுத்த பலகை வெட்டும் முன் பேரிங் கடைக்குப் போய் வாருங்கள்.